கேக்காத கேள்விக்கு யார் பதில் சொல்றது?

எட்டாவது செமஸ்டருக்கு இன்டர்ன்ஷிப் தேடிட்டு இருக்கிற எல்லாருக்கும் இப்ப ஒரே குழப்பம்தான். வீட்ல உக்காந்து லேப்டாப்லயே பண்ற மாதிரி ஒண்ணு எடுக்கிறதா, இல்ல காலைல ஆறரைக்கு எழுந்து, பஸ் பிடிச்சு, ஒரு கம்பெனி வாசல்ல விசிட்டர் பாஸ் மாட்டிக்கிட்டு உள்ள போற மாதிரி எடுக்கிறதா? முதல்ல சொன்னதுல அலைச்சல் கிடையாது, பல சமயம் ஸ்டைபெண்டும் கொஞ்சம் அதிகம். ரெண்டாவதுல வெயிலும் டிராஃபிக்கும் கேரண்டி. காலை எட்டரை மணிக்கு பாடி மேம்பாலத்துல மாட்டினவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

வீட்ல பெரியவங்ககிட்ட கேட்டா பதில் ரெடியா இருக்கும். "நாலு பேரோட நேர்ல பழகணும்டா." சரிதான். ஆனா நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சிட்டு, "பழகினா நல்லது" என்கிற இடத்துல நிறுத்திக்க எனக்கு மனசு வரல. நேர்ல இருந்தா என்ன கிடைக்குது? அது எந்த வழியா வருது? ஸ்க்ரீன் வழியா வரும்போது எது விட்டுப் போகுது? இதை ஒரு சிஸ்டத்தைப் பிரிச்சுப் பாக்கிற மாதிரி பாக்க முடியுமான்னு தேடினேன். முடியும். ஐம்பது வருஷமா இதை அளந்து பாத்துட்டுதான் இருக்காங்க.

ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். ஆன்லைனைத் திட்டி எழுதுற தகுதி நம்ம பேட்ச்சுக்குக் கிடையாது. 2020-ல நமக்குப் பத்தாவது பரீட்சை நடக்கவே இல்ல, எல்லாருக்கும் பாஸ். பதினொண்ணாவது முக்கால்வாசி ஃபோன்லயே ஓடிப்போச்சு. காலேஜ் வந்த பிறகும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் புரிஞ்சது என்.பி.டி.இ.எல் வீடியோவாலதான்னு சொல்றவங்க இந்த கிளாஸ்லயே பாதிப் பேர் இருப்பாங்க. அதனால "ஆன்லைன் கெட்டது" என்கிற கட்டுரையை எதிர்பாத்து வந்திருந்தா மன்னிச்சிருங்க.

ஆலன் வளைவு

எம்.ஐ.டி-யில தாமஸ் ஆலன்னு ஒரு பேராசிரியர். ஆராய்ச்சிக் கூடங்கள்ல வேலை பாக்கிற இன்ஜினியர்கள் யார் யாரோட டெக்னிக்கல் விஷயம் பேசிக்கிறாங்கன்னு அளந்தார். 1977-ல அது புத்தகமா வந்தது. அதுல இருக்கிற ஒரு கிராஃப்தான் இன்னிக்கும் 'ஆலன் வளைவு'ன்னு பேசப்படுது. எக்ஸ் அச்சுல ரெண்டு பேர் உக்கார்ற இடத்துக்கு நடுவுல இருக்கிற தூரம், மீட்டர்ல. ஒய் அச்சுல அந்த ரெண்டு பேரும் வாரத்துக்கு ஒரு தடவையாவது வேலையைப் பத்திப் பேசிக்கிற வாய்ப்பு.

நம்ம எதிர்பாக்கிறது ஒரு சாய்வான கோடு. தூரம் கூடக்கூட பேச்சு கொஞ்சம் கொஞ்சமா குறையணும். ஆனா அவருக்குக் கிடைச்சது எக்ஸ்பொனென்ஷியல் டிகே. கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் கர்வ் மாதிரி முதல் முப்பது மீட்டருக்குள்ளயே சர்ருன்னு கீழ விழுது. ஐம்பது மீட்டர் தாண்டினா கிட்டத்தட்ட தரைமட்டம். அதுக்கப்புறம் பக்கத்து பில்டிங்கா, பக்கத்து ஊரா என்கிறதுல பெரிய வித்தியாசம் இல்ல. ஐம்பது மீட்டர்னா எவ்வளவு? நம்ம டிபார்ட்மென்ட் வராண்டாவோட ஒரு முனையிலேருந்து இன்னொரு முனைக்குக்கூட வராது.

உடனே நமக்குத் தோணும்: "அது 1977. அப்ப வாட்ஸ்அப் ஏது?" நியாயமான கேள்வி. ஆலனும் விடல. பிற்பாடு ஃபோனும் ஈமெயிலும் புழக்கத்துக்கு வந்த பிறகு திரும்பவும் பாத்தார். அடிக்கடி நேர்ல பாத்துக்கிறவங்கதான் ஒருத்தருக்கொருத்தர் ஃபோனும் அதிகமா பண்ணிக்கிறாங்க. தூரத்துல இருக்கிறவங்களுக்கு நேர்ப் பேச்சும் குறையுது, ஃபோன் பேச்சும் சேந்தே குறையுது. அதாவது, நேர்ல விட்டதை ஃபோன் வந்து ஈடுகட்டும்னு நாம நினைக்கிறது நடக்கல. உங்க வாட்ஸ்அப்பைத் திறந்து மேல இருக்கிற பத்து சாட்டைப் பாருங்க. அதுல எத்தனை பேர் நேத்து உங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டவங்க?

கடைசல் பட்டறைல காதுல விழுந்தது

கிராஃப் அப்படி இருக்கு, சரி. ஏன் அப்படி? என் அனுபவத்துல ஒண்ணு சொல்றேன்.

எங்க ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ஷாஃப்ட் கடைஞ்சு வாங்கணும். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு சின்ன லேத் ஷாப்புக்குப் போனோம். (அதுக்குத் தமிழ்ல 'கடைசல் பட்டறை'ன்னு அழகா ஒரு பேர் இருக்கிறதே எனக்கு அந்த போர்டைப் பாத்துதான் தெரியும். இங்கிலீஷ் மீடியத்துல படிச்சா இப்படித்தான்.) நாங்க கேக்கப் போனது ஒரே கேள்வி: எவ்வளவு ஆகும்? ஓனர் அண்ணன் வேற ஒரு கஸ்டமரோட பேசிட்டு இருந்தார். இருபது நிமிஷம் ஓரமா நின்னோம். அந்தக் கஸ்டமர் ஹார்டனிங் பண்ணி எடுத்துட்டு வந்த ஒரு நீள ஷாஃப்ட் லேசா வளைஞ்சிருந்தது. அண்ணன் அதை வி-ப்ளாக் மேல வச்சு, டயல் கேஜை மாட்டி, கையால மெதுவா சுத்திக் காட்டினார். "மெலிசான ஷாஃப்ட்டு சூட்டுல போய் வந்தா கோணும் சார். கடையும்போதே கிரைண்டிங்குக்கு மெட்டீரியல் விட்டு வச்சிருந்தா இப்ப கிரைண்ட் பண்ணி நேராக்கியிருக்கலாம். இப்ப விட்டு வைக்க என்ன இருக்கு?"

எங்க டிராயிங்ல ஹார்டனிங் இன்னும் முடிவாகல. அதைப் பத்தி நாங்க யார்கிட்டயும் கேக்கல, கேக்கணும்னு தோணவும் இல்ல. புத்தகத்துல இது இல்லாமலா இருக்கும்? இருக்கு. நெட்லயும் இருக்கு. "ஹார்டனிங் டிஸ்டார்ஷன்"னு தேடினா பக்கம் பக்கமா வரும். ஆனா அந்த வார்த்தையைத் தேடணும்னு முதல்ல தெரிஞ்சிருக்கணும் இல்ல?

என் வாதமே இதுதான். ஆன்லைன்ல ஒரு கேள்வியோட போனா, உலகத்துல எந்த மூலையிலேருந்தும் பதில் வரும். அதுல அதுக்கு ஈடு கிடையாது. ஆனா சர்ச் பாக்ஸ் நீங்க டைப் பண்றதுக்காகக் காத்துட்டு இருக்கும். பட்டறை காத்துட்டு இருக்காது. நீங்க கேட்டாலும் கேக்கலன்னாலும் அங்க பேச்சு நடந்துட்டேதான் இருக்கு. யாரோ ஒருத்தரோட பிரச்சனை உங்க காதுல விழுது. உங்களுக்கு இன்னும் வராத பிரச்சனைக்கு உங்ககிட்ட முன்கூட்டியே பதில் இருக்கு.

"அல்காரிதமும் நாம கேக்காததைத்தான் காட்டுது"ன்னு சொல்லலாம். காட்டுதுதான். ஆனா நான் ஏற்கனவே எதைப் பாத்தேனோ அதை வச்சுத்தான் அடுத்ததைக் காட்டுது. பட்டறைல எனக்கு முன்னாடி வந்து நின்ன கஸ்டமர் என் ஹிஸ்டரியைப் பாத்து வரல.

ஜெராக்ஸ் மெக்கானிக்குகள்

இதே விஷயத்தை ரொம்பப் பொறுமையா ஆராய்ஞ்சவர் ஜூலியன் ஓர். மானுடவியல் படிச்சவர், ஆனா வேலை ஜெராக்ஸ் கம்பெனியோட ஆராய்ச்சிக் கூடத்துல. காப்பியர் மெஷின் ரிப்பேர் பண்ற டெக்னீஷியன்களோட கூடவே சுத்தினார். கம்பெனி கணக்குப்படி அவங்க வேலை தனி ஆள் வேலை. மேனுவல் இருக்கு, எரர் கோட் இருக்கு, கோடுக்கு ஏத்த பக்கத்தைத் திறந்து அதுல இருக்கிறபடி பண்ணணும். ஆனா மெஷின் மேனுவலைப் படிச்சிட்டு ரிப்பேர் ஆகிறதில்ல. மேனுவல்ல இல்லாத விதமா ஒண்ணு கெட்டுப்போகும். அப்ப அவங்களைக் காப்பாத்தினது காலை டிபனுக்குச் சேந்து உக்கார்ற பழக்கம். சாப்பிட்டுக்கிட்டே "நேத்து ஒரு மெஷின் என்னைப் படுத்தின பாடு இருக்கே"ன்னு கதை சொல்லுவாங்க. அந்தக் கதைகள்லதான் உண்மையான ரிப்பேர் அறிவு இருந்தது. 1996-ல வந்த அவரோட புத்தகம் இந்தப் பேச்சைப் பத்தினதுதான்.

கதை இங்கயே முடிஞ்சா "நேர்ல பேசறதே உசத்தி"ன்னு ஆகிடும். முடியல. அடுத்து ஜெராக்ஸ், டெக்னீஷியன்களோட டிப்ஸையெல்லாம் 'யுரேகா'ன்னு ஒரு டேட்டாபேஸ்ல சேத்தது. முதல்ல ஃபிரான்ஸ்ல, அப்புறம் மத்த இடங்கள்ல. அது நல்லா ஓடிச்சு. ஏன் ஓடிச்சுன்னு பாத்தா, ஒரு டிப் உள்ள போறதுக்கு முன்னாடி சக டெக்னீஷியன்களே அதைச் சரிபாப்பாங்க. எழுதினவர் பேர் அதுல இருக்கும். அந்தப் பேருக்கு மதிப்பு இருந்தது, ஏன்னா அந்தத் தொழில்ல ஒருத்தரை ஒருத்தர் ஏற்கனவே தெரியும். டிபன் டேபிள்ல உருவான நம்பிக்கைதான் டேட்டாபேஸ்ல செலவாச்சு. நம்ம டிபார்ட்மென்ட் டிஸ்கார்ட் சர்வர் ஏன் ரெண்டாவது மாசமே காத்து வாங்கிச்சுன்னு இப்ப எனக்குப் புரியுது.

நம்ம பாடியிலயே

வெளிநாட்டு உதாரணம் போதும். லூகாஸ் ஸ்டாப்ல இறங்குறவங்களுக்கு ஒரு செய்தி. டோட்டல் குவாலிட்டி மேனேஜ்மென்ட் பேப்பர்ல 'டெமிங் பரிசு'ன்னு ஒரு வரி மனப்பாடம் பண்ணியிருப்போமே, ஜப்பான்ல 1951-லேருந்து கொடுக்கிற பரிசு, அதை முதன்முதலா வாங்கின இந்தியக் கம்பெனி சுந்தரம் கிளேட்டன், அதோட பிரேக் பிரிவு. வருஷம் 1998. அப்புறம் 2001-ல சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2004-ல லூகாஸ் டி.வி.எஸ். மூணுமே நம்ம பாடி வட்டாரம். உலகத்துலயே கஷ்டமான தரப் பரிசுகள்ல ஒண்ணு, ஆறு வருஷத்துல மூணு தடவை, நாம தினமும் பஸ்ல தூங்கிக்கிட்டே கடந்து போற காம்பவுண்டு சுவர்களுக்குப் பின்னாடி வந்திருக்கு. சிலபஸ்ல இதை ஏன் ஒரு வரியாவது சொல்ல மாட்டேங்கிறாங்கன்னு தெரியல.

அந்த மாதிரி தொழிற்சாலைகளோட அடிப்படைல ஒண்ணு 'குவாலிட்டி சர்க்கிள்', அதாவது தர வட்டம். ஒரே இடத்துல வேலை பாக்கிற ஆறேழு பேர், அதிகபட்சம் பத்து பேர், வாரத்துக்கு ஒரு மணி நேரம் மாதிரி உக்காருவாங்க. மேனேஜர் கொடுக்கிற பிரச்சனை கிடையாது, அவங்களே எடுத்துக்கிற பிரச்சனை. ஃபிஷ்போன் டயக்ராம் போட்டு, காரணம் தேடி, மாத்திப் பாத்து, அளந்து, மேல சொல்லுவாங்க. நாம பதிமூணு மார்க் கேள்விக்கு ஸ்கேல் வச்சுப் போடற அதே ஃபிஷ்போன்தான். ஆனா அங்க அதோட ஒவ்வொரு முள்ளும் பத்தடி தூரத்துல ஓடிட்டு இருக்கிற ஒரு மெஷின்.

இது ஆரம்பிச்ச விதம் நம்ம மாதிரி இதழ் நடத்துறவங்களுக்கு ரொம்ப சுவாரசியமானது. 1962-ல ஜப்பான்ல கவுரு இஷிகாவாவும் அவர் கூட இருந்தவங்களும் ஷாப் ஃப்ளோர் ஆளுங்களுக்காக ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாங்க. தரக் கட்டுப்பாட்டை எளிமையா சொல்லிக் கொடுக்கிற பத்திரிகை. ஆனா தனியா வாங்கிட்டுப் போய் வீட்ல படிச்சா பாதியில விட்டுடுவாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். அதனால ஃபோர்மேனும் தொழிலாளிகளும் வட்டமா சேந்து படிங்கன்னு சொன்னாங்க. அந்த வாசிப்பு வட்டம்தான் தர வட்டமா வளந்தது. பத்திரிகை நாடு முழுக்கப் போச்சு, வட்டம் மெஷின் பக்கத்துலயே உக்காந்தது. ரெண்டுல எது இல்லன்னாலும் அது நடந்திருக்காது. இந்தியாவுக்கு இது 1980-ல வந்தது, ஹைதராபாத் ராமச்சந்திரபுரத்துல இருக்கிற பெல் தொழிற்சாலை வழியா.

எதுக்கு மட்டும் நேர்ல போகணும்?

எல்லாத்துக்கும் நேர்ல போக முடியாது. எதுக்குப் போனா லாபம்? இதுக்கு ரெண்டு சமீபத்திய ஆய்வு உதவுது.

2021-ல மைக்ரோசாஃப்ட் தன்னோட 61,182 அமெரிக்க ஊழியர்களோட தொடர்புகளை அலசி ஒரு ஆய்வு வெளியிட்டது. கோவிட்ல எல்லாரும் வீட்டுக்குப் போனதும் ஒவ்வொரு டீமுக்குள்ளயும் பேச்சு நல்லாவே நடந்தது. ஆனா டீம்களுக்கு நடுவுல இருந்த பாலங்கள் மெலிஞ்சு போச்சு. புதுத் தொடர்பு உருவாகிறது குறைஞ்சது. ஏற்கனவே தெரிஞ்சவங்களோட வேலை ஓடும், தெரியாதவங்க தெரிஞ்சவங்களா ஆகிறதுதான் நின்னு போகும். ஒரு கம்பெனில பத்து வருஷம் இருந்தவருக்கு வீட்லேருந்து வேலை பாக்கிறது ஒரு மாதிரி. அங்க யாரையுமே தெரியாத இருபத்தோரு வயசுக்காரனுக்கு வேற மாதிரி.

2022-ல 'நேச்சர்' இதழ்ல வந்தது இன்னொண்ணு. 602 பேரை ஜோடி ஜோடியா பிரிச்சு, பாதி ஜோடியை ஒரே அறையிலயும் மீதியை வீடியோ காலயும் உக்கார வச்சு, ஒரு சாதாரணப் பொருளுக்குப் புதுப்புதுப் பயன் யோசிக்கச் சொன்னாங்க. நேர்ல இருந்த ஜோடிகளுக்கு ஐடியா அதிகம் வந்தது. காரணம் சுவாரசியம். வீடியோல இருந்தவங்க கண்ணு ஸ்க்ரீனை விட்டு நகரல, நேர்ல இருந்தவங்க கண்ணு அறை முழுக்க அலைஞ்சது. பார்வை குறுகினா யோசனையும் குறுகுதுன்னு அவங்க முடிவு. ஐரோப்பா, மத்திய கிழக்கு, தெற்காசியாவுல இருக்கிற இன்ஜினியர்களை வச்சும் செஞ்சு பாத்தாங்க, அங்கயும் அப்படியே. ஆனா இதோட ரெண்டாவது பாதியைப் பல பேர் சொல்றதில்ல. வந்த ஐடியாக்கள்ல எது பெஸ்ட்னு தேர்ந்தெடுக்கிறதுல வீடியோ ஜோடிகள் ஒண்ணும் பின்தங்கல. அப்போ ப்ராஜெக்ட் ஆரம்பத்துக்கு நேர்ல சேருங்க. ரிவ்யூ பிபிடி-ல எந்த ஸ்லைடு முதல்ல வரணும்னு முடிவு பண்றதுக்கெல்லாம் கூகுள் மீட் தாராளமா போதும்.

சுவர் இருக்கிற கூட்டம்

இதுவரை சொன்னதை எங்க டீம்ல படிச்சுக் காட்டினேன். டீம்ல இருக்கிற தோழி ஒரே ஒரு கேள்வி கேட்டா. "நீ ஷிஃப்ட் முடியற நேரத்துல டீக்கடைல நின்னு அண்ணனுங்க பேசறதைக் கேட்டேன்னு பெருமையா சொல்ற. அங்க நான் நிக்க முடியுமா?"

அவ கேட்டது சரி. அந்த நேரத்துல அந்தக் கடை முன்னாடி இருபது பேர் நின்னா இருபதும் ஆம்பளைங்க. நான் ஒரு டீயைக் கையில வச்சுக்கிட்டு அரை மணி நேரம் ஓசியா பாடம் கேக்கலாம். அவ போய் நின்னா பேச்சே நின்னுடும். அவளுக்கு சி.என்.சி ப்ரோக்ராமிங் சொல்லிக் கொடுத்தது ஒரு ஆன்லைன் குழு. அங்க யாரும் அவளை எந்த ஊரு, யார் வீட்டுப் பொண்ணுன்னு கேக்கல.

இது டீக்கடையோட முடியற விஷயமும் இல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் கடற்கரைல மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் எவ்வளவு வேகமா வேலை செஞ்சதுன்னு டேனியல் ஆல்ட்ரிச் என்கிற பேரிடர் ஆய்வாளர் எழுதியிருக்கார். யார் வீட்ல எத்தனை பேர், யார் போனாங்க, யாருக்கு என்ன தேவைன்னு பஞ்சாயத்துக்குத் தெரியும். நிவாரணம் கொண்டு வந்தவங்களுக்கு லிஸ்ட் ரெடியா கிடைச்சது. நேர்ல பின்னின உறவோட பலம் அது. அதே லிஸ்ட்ல தலித் மக்கள், கணவனை இழந்த பெண்கள், வயசானவங்கன்னு பல பேர் விட்டும் போனாங்க. கூட்டம் எவ்வளவு இறுக்கமோ, வெளியில நிக்கிறவங்களுக்கு அதோட சுவரும் அவ்வளவு உயரம்னு அவரே சொல்றார்.

2015 டிசம்பர் வெள்ளத்தை நம்மள்ல பல பேர் பாத்திருக்கோம். நான் அப்ப ஆறாவது. நெட்ல முன்பின் தெரியாதவங்க சேந்து லிஸ்ட் போட்டாங்க, எங்க சாப்பாடு, எங்க தங்க இடம், யாருக்குப் படகு வேணும்னு. அது இல்லன்னா வெளியூர்லேருந்து அவ்வளவு உதவி இந்த ஊருக்கு வழி கண்டுபிடிச்சு வந்திருக்காது. ஆனா பல இடத்துல கரண்டும் போய், டவரும் போய், ஃபோன் செத்துப் போச்சு. அப்ப முதல் மாடில நடக்க முடியாத பாட்டி ஒருத்தங்க இருக்காங்கன்னு பக்கத்து வீட்டுக்குத்தான் தெரியும். படகை ஓட்டினது நெட்ல வந்த லிஸ்ட் இல்ல, மீனவர்கள்.

அதனால நேர்ல சேர்றதுன்னா எங்க, எந்த நேரம், யார் வர முடியும் என்கிறதையும் சேத்தே யோசிக்கணும்னு எங்க டீம்ல முடிவாச்சு. டீக்கடை வேணாம், லேப் வச்சுக்கலாம். சாயங்காலம் வேணாம், மத்தியானம் வச்சுக்கலாம், தூரத்துலேருந்து வர்றவங்களும் நேரத்தோட வீட்டுக்குப் போகணும்.

ஒரு வாரப் பயிற்சி

இன்டர்ன்ஷிப் இன்டர்வியூல கடைசியா "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?"ன்னு கேப்பாங்க. வீட்லேருந்து பண்ற வேலைன்னா கேளுங்க: என் டீம்ல இல்லாதவங்களோட நான் பேசற மாதிரி ஏதாவது ஏற்பாடு இருக்கா? முதல் ரெண்டு வாரமாவது நேர்ல வர முடியுமா? நேர்ல போற வேலைன்னா கேளுங்க: எனக்கு எங்க சீட்டு? ஷாப் ஃப்ளோர் பக்கமா, இல்ல மூணாவது மாடில ஏ.சி ரூமா? ஆலன் வளைவு தெரிஞ்சவங்களுக்கு அந்த சீட்டு எவ்வளவு முக்கியம்னு தெரியும்.

அதுக்கு முன்னாடி, வர்ற திங்கள்லேருந்து சனி வரைக்கும் ஒரு நோட்ல ரெண்டு பத்தி போடுங்க. இடது பக்கம் 'கேட்டுத் தெரிஞ்சது', வலது பக்கம் 'கேக்காம தெரிஞ்சது'. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல அது யார்கிட்டேருந்து வந்தது, அவங்க எத்தனை மீட்டர் தூரத்துல இருந்தாங்கன்னு குறிச்சுக்கோங்க. ஸ்க்ரீன்ல வந்ததா இருந்தா 'ஸ்க்ரீன்'னு போடுங்க. பொய் சொல்லாம எழுதுங்க, இதுக்கு மார்க் கிடையாது. நான் ஒரு வாரம் எழுதிப் பாத்ததுல இடது பத்தில பதினாலு, அதுல பதினொண்ணு ஸ்க்ரீன். வலது பத்தில ஆறுதான். அதுல ஸ்க்ரீன் ஒண்ணு, மீதி அஞ்சும் மூணு மீட்டருக்குள்ள. ஒரு ஆளோட ஒரு வாரக் கணக்கை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது. முப்பது பேர் கணக்கு சேந்தா கிராஃப் போட்டுப் பாக்கலாம்.

சனிக்கிழமை மத்தியானம் ரெண்டுலேருந்து மூணு வரைக்கும் முதல் மாடி மெட்ராலஜி லேப் திறந்திருக்கும், பர்மிஷன் வாங்கியாச்சு. எந்த வருஷமா இருந்தாலும் வரலாம், மெக்கானிக்கல் இல்லாதவங்களும் வரலாம். நோட்டைக் கொண்டு வாங்க. கிராஃப் ஷீட் நாங்க வாங்கி வைக்கிறோம்.